டெல்லி விளக்குக் கண்காட்சிக்கு, கானாடுகாத்தான் வழியாக

நவம்பரில் டெல்லியில் நடக்கும் விளக்குத் தொழில் கண்காட்சிக்குப் போவது என்று முடிவானதும், நான் முதலில் செய்த வேலை காரைக்குடியில் கானாடுகாத்தான் பஸ் ஏறியதுதான். மனைவி சிரித்தாள். திசையாவது சரியாக இருக்கிறதே என்றாள். இரண்டு ஊருமே காரைக்குடிக்கு வடக்கேதான் இருக்கின்றன.

பழைய வீடுகளுக்கு விளக்கு அமைத்துக் கொடுப்பது என் தொழில். செட்டிநாட்டில் இதற்கு இப்போது நல்ல காலம். பூட்டிக் கிடந்த வீடுகளில் சில தங்கும் விடுதிகளாகிவிட்டன. சில வீடுகள் கல்யாணத்துக்கும் மணிவிழாவுக்கும் படப்பிடிப்புக்கும் வாடகைக்குப் போகின்றன. வருகிறவர்கள் பகலில் தூணையும் தரையையும் பார்த்து வாய் பிளக்கிறார்கள். பொழுது சாய்ந்து விளக்குப் போட்டதும் அந்த வாய் மூடிக்கொள்கிறது. ஏன் என்பதற்குப் பாதி விடை என்னிடம் இருக்கிறது. மீதியைக் கண்காட்சியில் தேடலாம் என்பது எண்ணம்.

ஆனால் கண்காட்சி என்பது விற்கிறவனின் ஊர். கையில் கேள்வி இல்லாமல் போனால், அவன் காட்ட நினைத்ததைப் பார்த்துவிட்டு, பை நிறைய விளம்பரத் தாள்களோடு திரும்ப வேண்டியதுதான். நிறம் மாறிக்கொண்டே இருக்கும் பட்டைகள், குரல் கொடுத்தால் எரியும் பல்புகள் எல்லாம் இருக்கும். அவற்றோடு எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை. முற்றத்தைச் சுற்றிக் கட்டிய நூறு வருடத்து வளவுக்கு அவை ஆகாது, அவ்வளவுதான். அதனால் கேள்விகளை அந்த வீடுகளிலிருந்தே பொறுக்கிக்கொண்டு போவது என்று கிளம்பினேன்.

உலகத்தில் பெரிய விளக்குச் சந்தை என்றால் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடப்பதைச் சொல்வார்கள். அது இரண்டாண்டுக்கு ஒருமுறை. சீனாவின் குவாங்சோவில் ஆண்டுதோறும் ஜூன் மாதம் நடக்கிறது. இரண்டுக்கும் விசா, விமானம், ஓட்டல் என்று கணக்குப் போட்டால், அந்தப் பணத்தில் இங்கே ஒரு வீட்டுக்கே விளக்குப் போட்டுவிடலாம். டெல்லிக் கண்காட்சியில் நம் நாட்டு மின்சாரத்துக்கும் வெயிலுக்கும் சரக்குச் செய்கிறவர்களைப் பார்க்கலாம். கூடவே கருத்தரங்கும் உண்டு. எனக்கு அது போதும்.

பஸ் கோட்டையூர், பள்ளத்தூர் வழியாகப் போகிறது. ஊரை விட்டு வெளியேறும்போது ‘சிக்ரி’யின் நினைவு வந்தது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தைக் காரைக்குடியில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கல் நாளில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். ஒரு தேசிய ஆய்வகத்தையே வரவழைத்த ஊர்க்காரன், பல்பு பார்க்க டெல்லிக்கு ரயில் தேடிக்கொண்டிருக்கிறேன். அழகப்பர் இருந்திருந்தால் கண்காட்சியையே இங்கே கொண்டுவந்திருப்பார்.

கானாடுகாத்தானில் நான் போன வீடு பார்வையாளர்களுக்குத் திறந்த வீடு அல்ல. பிள்ளைகள் எல்லாம் வெளியூரில். ஆச்சி ஒருவரும், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஒருவரும் மட்டும் இருக்கிறார்கள். அடுத்த ஆண்டு அந்த வீட்டில் ஒரு மணிவிழா நடக்கப்போகிறது. அதற்குள் விளக்கு வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும்.

“வா தம்பி, முதலில் சாப்பிடு. வீடு எங்கேயும் போய்விடாது” என்றார் ஆச்சி. வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் வந்தன. சாப்பிட்ட பிறகுதான் நிமிர்ந்து பார்க்க முடிந்தது.

பகலில் அந்த வீட்டுக்கு விளக்கே வேண்டாம். கட்டியவர்கள் வெளிச்சத்துக்குத் தனியாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். வளவின் நடுவே முற்றம் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. சுற்றிலும் ஓட்டுச் சரிவு தாழ்ந்து இறங்கி, வெயிலை நேராக உள்ளே விடாமல் மறித்துக்கொள்கிறது. தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் தாழ்வாரத்துக்குள் போகிறது. சுவர் அதை வாங்கி இன்னும் உள்ளே அனுப்புகிறது. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துக் குழைத்து, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவர் அது. கன்னத்தை அருகில் கொண்டுபோனால் முகம் மங்கலாகத் தெரிகிறது. பட்டாலை என்னும் கூடத்தில் பெல்ஜியம் கண்ணாடிகளை மேல்பக்கம் முன்னே சாயும்படி மாட்டியிருக்கிறார்கள். ஒரு விளக்கு ஏற்றினால் கண்ணாடியில் இன்னொன்று எரியும். எண்ணெய்ச் செலவைக் குறைக்கச் செட்டியார்கள் கண்ட வழி இது என்பது என் சொந்த ஊகம். வரவு செலவு எழுதியே வளர்ந்தவர்கள், அதையும் யோசித்திருப்பார்கள்.

சாயங்காலம் ஆறரைக்கு அண்ணன் போய் சுவிட்சைத் தட்டினார். சுவரோரம் நீளக் குழல் விளக்குகள், தாழ்வாரத்தில் வெள்ளை எல்.இ.டி. பல்புகள். தேக்குத் தூண்கள் சாம்பல் பூத்தன. ஆத்தங்குடித் தரையின் சிவப்பு மண்ணாகிப்போனது.

“ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது, இல்லையா?” என்றார் ஆச்சி. “மகன்தான் மாட்டிவிட்டுப் போனான். கரண்ட் பில் குறைந்தது. அதற்கு மேல் நான் என்ன சொல்ல?”

மகனைக் குறை சொல்வதற்கில்லை. மலிவு விலையில் பல்பு கொடுக்க மத்திய அரசு 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில் நாடு முழுவதும் 36 கோடிக்கு மேல் எல்.இ.டி. பல்புகள் போய்ச் சேர்ந்தன. விலை சரிந்தது, மின்சாரமும் மிச்சமானது. ஆனால் நம் வீடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் 6500 கெல்வின் வெள்ளை. கெல்வின் என்பது இங்கே வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு. பழைய குண்டு பல்பு சுமார் 2700 கெல்வின். எண்ணெய் விளக்கின் சுடர் 2000-க்கும் கீழே. எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாகி, சிவப்பை நோக்கிப் போகும். எண்ணெய் விளக்கையும் குளோப் விளக்கையும் நினைத்து நிறம் தேர்ந்த வீட்டில், நடுப்பகல் வானத்தின் நிறத்தை ராத்திரி எட்டு மணிக்குக் கொட்டுகிறோம்.

அப்படியானால் மஞ்சள் பல்பு மாட்டினால் தீர்ந்ததா என்றால், அங்கேதான் சங்கதி இருக்கிறது. என் பையில் இருந்த 3000 கெல்வின் பல்புகள் இரண்டை, ஒன்று மலிவு, ஒன்று விலை கூடியது, அடுத்தடுத்த ஹோல்டர்களில் போட்டேன். ஆச்சியிடம் பழைய கண்டாங்கி இருந்தால் கொடுங்கள் என்றேன். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்ச் சேலை. அரக்குச் சிவப்பில் மஞ்சள் கட்டம், கறுப்புக் கரை. மலிவு பல்பின் கீழே அந்த அரக்கு காய்ந்த புளியின் நிறத்துக்கு இறங்கியது. இரண்டடி தள்ளி மற்றதன் கீழே பிடித்ததும் சிவப்பு எழுந்து நின்றது. அண்ணன் சேலையை வாங்கி, தானே இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தார். இரண்டு பெட்டியிலும் ஒரே எண்தானே போட்டிருக்கிறது என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

வெள்ளை எல்.இ.டி.க்குள் இருப்பது உண்மையில் நீலச் சில்லு. அந்த நீலத்தைச் சாத்தியமாக்கிய ஜப்பானிய வம்சாவளி விஞ்ஞானிகள் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. நீலத்தின் மேல் மஞ்சள் பாஸ்பர் என்னும் ஒளிரும் பொருளைப் பூசினால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். அந்தக் கலவையில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. சிவப்புப் பாஸ்பர் தனியாகச் சேர்க்க வேண்டும், அதற்குச் செலவாகும், வெளிச்சத்திலும் கொஞ்சம் குறையும். பெட்டியில் ‘சி.ஆர்.ஐ. 80’ என்று போட்டிருப்பார்கள். விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண் அது, நூற்றுக்கு. எட்டு வெளிர் நிறங்களை வைத்து எடுத்த சராசரி. ஆழ்ந்த சிவப்பு ஒன்பதாவது, ஆர்9 என்பார்கள். அது சராசரியில் சேராது. எட்டுப் பாடத்தில் தேறி ஒன்பதில் சுழியம் வாங்கினாலும் பெட்டியில் 80 என்று அச்சிடத் தடையில்லை. தேக்கும் அரக்கும் செம்மண் ஓடும் நிறைந்த நாட்டில் அந்த ஒன்பதாவது பாடம்தான் முக்கியம். 1906-இல் நியூயார்க்கில் தொடங்கிய அமெரிக்க ஒளியமைப்புப் பொறியியல் சங்கம், 2015-இல் 99 நிறங்களை வைத்து அளக்கும் டி.எம்.-30 முறையை வெளியிட்டது. டெல்லியில் ஒவ்வொரு கடையிலும் நான் முதலில் கேட்கப்போவது இந்த அளவுத் தாளைத்தான்.

கண்டாங்கியை டெல்லிக்குக் கொண்டுபோகிறேன் என்றதும் ஆச்சி சேலையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு மனம் இரங்கி, கிழிந்துபோன வேறொன்றின் முந்தித் துண்டைத் தேடிக் கொடுத்தார்.

மற்றக் கேள்விகள் அந்த ராத்திரியே சேர்ந்துவிட்டன. அந்தச் சுவரில் உளியை வைக்கவே கூடாது. முட்டைப் பூச்சில் ஒரு கோடு வெட்டினால், எந்தக் கொத்தனார் மூடினாலும் தழும்பு நிற்கும். ஆகவே மரச்சட்டத்தின் மேல் ஓடும் பழைய வயரிங்கை ஒட்டித்தான் புதியதும் போக வேண்டும். அல்லது கம்பி இல்லாத சுவிட்ச் வேண்டும். அது சுவர் இத்தனை கனமாக இருக்கும்போது வேலை செய்யுமா என்று செய்தவனிடம் நேரில் கேட்க வேண்டும்.

மணிவிழா என்றால் வீடியோ எடுப்பார்கள். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. எல்.இ.டி.க்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் டிரைவர் மலிவானதாக இருந்தால், விளக்கு அதனால் விநாடிக்கு 100 முறை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவில் படத்தின் மேல் கறுப்புப் பட்டைகள் ஓடும். தாலி கட்டும் நேரத்துப் படத்தில் பட்டை விழுந்தால், திட்டு கேமராக்காரருக்கு. காரணம் மேலே தொங்கிக்கொண்டிருக்கும்.

பிறகு வெப்பம். சித்திரை வெயிலில் ஓட்டுக்கு அடியில் பலகைத் தளத்தின் மேல் டிரைவரை ஒளித்து வைத்தால், உள்ளே இருக்கும் மின்தேக்கி சீக்கிரம் காய்ந்துபோகும். பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் வழக்கமாகப் போடும் கணக்கு. 50,000 மணி நேரம் என்று அட்டையில் போடுகிறவர்களிடம், எத்தனை டிகிரியில் என்று கேட்க வேண்டும். கருத்தரங்கில் ஸ்மார்ட் நகர அமர்வுகளை விட்டுவிட்டு, டிரைவரும் வெப்பமும் பற்றிய அமர்வுகளில்தான் உட்காரப்போகிறேன். அங்கே கூட்டம் குறைவாக இருக்கும், பேசுகிறவரைப் பிடிப்பதும் எளிது.

மறுநாள் ஆத்தங்குடி. சேலைத் துண்டு போதாது, தரையும் வேண்டும் என்று தோன்றியது. பட்டறையில் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரை ஓடு செய்துகொண்டிருந்தார். சதுரச் சட்டத்துக்குள் கண்ணாடி. அதன் மேல் உலோக அச்சு. அச்சின் கண்ணறைகளில் கரண்டியால் நிறச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுகிறார். சிவப்பு ஒரு பூவுக்குள், பச்சை இலைக்குள், மஞ்சள் சுற்றிலும். ஒரு சொட்டு எல்லை தாண்டவில்லை. அச்சை மெல்லத் தூக்கினால் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டபடி நிற்கின்றன, கலப்பதில்லை. மேலே காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன் மேல் ஈரக் கலவை போட்டு மட்டம் செய்து, எடுத்து அடுக்குகிறார். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறல், அதன் பிறகு உலர்த்தல். சூளை கிடையாது. பளபளப்பு முழுக்க அந்தக் கண்ணாடி கொடுத்தது. கண்ணாடியின் வழவழப்பைப் பிரதி எடுத்த தரை என்பதால்தான், மேலே இருக்கும் விளக்கின் கூசும் புள்ளி அப்படியே கீழேயும் தெரிகிறது. ஆகையால் பல்பை மறைத்து வெளிச்சத்தை மட்டும் காட்டும் விளக்கு வேண்டும் என்று குறிப்பேட்டில் ஏறியது.

“விளக்குக்கடைக்கா ஓடு வாங்கிப் போகிறீர்கள்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். சிவப்பு அதிகமாக உள்ள ஒன்றைத் தட்டிப் பார்த்துக் கொடுத்தார்.

இனி வழிப்பயணம். மதுரைக்கோ திருச்சிக்கோ போய் விமானம் பிடிக்கலாம், நேரம் மிச்சம். எனக்கு ரயில்தான் தோது. விடியற்காலையில் காரைக்குடியில் பல்லவன் ஏறினால், நண்பகல் தாண்டி எழும்பூர். அங்கிருந்து மெட்ரோவில் அடுத்த நிறுத்தமே சென்ட்ரல். இரவு பத்து மணிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், மூன்றாம் நாள் காலை புதுடெல்லி. கண்காட்சி நடக்கும் யஷோபூமி துவாரகாவில் இருக்கிறது. 2023 செப்டம்பரில் திறந்த பெரிய அரங்கம். புதுடெல்லி ரயில் நிலையத்திலிருந்து கிளம்பும் விமான நிலைய மெட்ரோ, வழியில் மாறாமல் அங்கேயே கொண்டுபோய் விடுகிறது. நவம்பர் டெல்லியில் காற்று மோசமாக இருக்கும், முகக்கவசம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆச்சி சொன்ன நிபந்தனை ஒன்று உண்டு. கார்த்திகைக்கு முன்பே திரும்பி, வாங்கிவந்த மாதிரி விளக்குகளை அவர் வீட்டில் மாட்டிக் காட்ட வேண்டுமாம். அன்று வரிசையாக வைக்கும் அகலுக்குப் பக்கத்தில் எது ஒட்டி நிற்கிறதோ அதற்குத்தான் பணம் தருவாராம். டி.எம்.-30-ஐ விடக் கடுமையான பரிசோதனை. ஆகவே திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்னதாகத்தான் திறக்கிறது, காலை எட்டு மணிக்கு. கீழ்ப் படுக்கையாகப் பார்க்க வேண்டும். ஓடு அதற்கடியில்தான் பத்திரமாக இருக்கும்.