"பையன் எங்கே?": உலக நாவல் தாளுக்கு நான் படித்த விதம்

எம்.ஏ. படிக்கும்போது உலக நாவல்கள் என்று எங்களுக்கு ஒரு தாள் இருந்தது. முதல் உள்தேர்வில் நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயின் 'Things Fall Apart' நாவல் வந்தது, தமிழில் என்.கே. மகாலிங்கம் 'சிதைவுகள்' என்று மொழிபெயர்த்தாரே, அதுதான். ஒரு குடும்பத்தின் வழியாக ஒரு சமூகத்தின் குலைவு எப்படிச் சொல்லப்படுகிறது என்பது கேள்வி. ஆறு பக்கம் எழுதினேன். காலனி ஆட்சி, மிஷனரிகள், நாவல் வெளிவந்த 1958, நைஜீரியா விடுதலை அடைந்த 1960, தலைப்பு அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸின் கவிதை வரியிலிருந்து வந்தது என எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பதினைந்துக்கு ஐந்து கிடைத்தது. ஓரத்தில் சிவப்பு மையில் "பையன் எங்கே?" என்று மட்டும் எழுதியிருந்தது.

பையன் என்றால் நுவோயே, நாயகன் ஒகோன்க்வோவின் மூத்த மகன். என் ஆறு பக்கத்தில் அவன் பெயர் ஒரே ஒரு தடவை, "மதம் மாறினான்" என்ற இடத்தில் வந்திருந்தது.

அன்று ராத்திரி நுவோயே வரும் இடங்களை மட்டும் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். பக்கத்து ஊர் செய்த கொலைக்கு ஈடாக ஒப்படைக்கப்பட்ட இகெமெஃபூனா மூன்று வருஷம் அந்த வீட்டில் வளர்கிறான், நுவோயேவுக்கு அண்ணன் மாதிரி ஆகிவிடுகிறான், ஒகோன்க்வோவை அப்பா என்றே கூப்பிடுகிறான். அவனைக் கொல்லவேண்டும் என்று தெய்வவாக்கு வருகிறது. "உன்னை அப்பா என்கிறான், நீ அதில் கை வைக்காதே" என்று ஊர்ப் பெரியவர் சொல்லியும் ஒகோன்க்வோ கூடவே போகிறான், முதல் வெட்டு விழுந்ததும் தன்னை நோக்கி ஓடிவரும் பையனைத் தானே வெட்டிவிடுகிறான், கோழை என்று யாரும் நினைத்துவிடக்கூடாது என்ற பயத்தில். அன்று ராத்திரி அப்பா வீட்டுக்குள் நுழைந்ததுமே நுவோயேவுக்குப் புரிந்துவிடுகிறது. அவன் அழவில்லை, உள்ளே ஏதோ அறுந்துபோகிறது. சில வருஷம் கழித்து மிஷனரிகள் பாட்டுப் பாடும்போது அவனை இழுப்பது அவர்களின் கடவுள் தத்துவம் இல்லை, அது அவனுக்குப் புரியவே இல்லை. இருட்டிலும் பயத்திலும் கிடக்கும் சகோதரர்களைப் பற்றிய அந்தப் பாட்டு, ஊர் வழக்கப்படி காட்டில் எறியப்பட்ட இரட்டைக் குழந்தைகளின் அழுகைக்கும் இகெமெஃபூனாவின் சாவுக்கும் பதில் சொல்வதுபோல அவனுக்குப் படுகிறது.

அதாவது வெள்ளைக்காரர் வந்து வாசலில் நிற்பதற்கு முன்பே அந்த வீடு விரிசல் விட்டிருக்கிறது. நான் எழுதத் தவறியது இதைத்தான்.

அதற்குப் பிறகு எந்தக் குடும்ப நாவலை எடுத்தாலும் முதல் வாசிப்பில் குறிப்பு எதுவும் எடுப்பதில்லை. இரண்டாம் வாசிப்பில் ஒரு தாளில் வம்சப் படம் போட்டு, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதுவேன்: வெளியே நடக்கும் கலவரம் இவரிடம் வரும்முன் இந்த வீடு இவருக்கு என்ன செய்திருந்தது? பதிலோடு பக்க எண்ணும் வேண்டும், தேர்வு நேரத்தில் அதுதான் கைகொடுக்கும்.

இந்த முறை எனக்கு முழுசாகப் பிடிபட்டது எகிப்து எழுத்தாளர் நகிப் மஹ்ஃபூஸின் கெய்ரோ முத்தொகுதியில். முதல் பாகம் 1956-இல் வந்தது, கதை எகிப்தில் ஆங்கிலேயருக்கு எதிராக நடந்த 1919 புரட்சியில் போய் முடிகிறது. ஆனால் அது தொடங்குவது நடுராத்திரியில் விழித்து, புருஷன் வரும்வரை காத்திருந்து, மாடிப்படிக்கு விளக்குப் பிடிக்கும் அமீனாவிடம். வீட்டை விட்டுத் தனியாக வெளியே போகாதவள், புருஷன் ஊரில் இல்லாத நாளில் பிள்ளைகள் சொன்னார்கள் என்று ஹுசைன் பள்ளிவாசலுக்குப் போகிறாள். திரும்பும் வழியில் வண்டி மோதிக் கழுத்துப்பட்டை எலும்பு முறிகிறது. அது ஆறும்வரை பொறுத்திருந்து, பிறகு அவளை வீட்டைவிட்டு அனுப்பிவிடுகிறார் அந்த மனுஷர். இதைப் படித்துவிட்டு, ஆங்கிலேயரை எதிர்க்கும் மகன் ஃபஹ்மி அப்பாவின் உத்தரவை மீறும் இடத்துக்கு வாருங்கள். ஒரே வீட்டில் இரண்டு மீறல்கள். நாட்டில் நடப்பதும் வீட்டில் நடப்பதும் ஒன்றையொன்று தொடுவது அங்கேதான், கட்டுரையை அங்கிருந்து தொடங்கினால் புரட்சியின் தேதிகள் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கொலம்பிய எழுத்தாளர் மார்க்கேஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' மட்டும் வேறு மாதிரி. அவுரேலியானோ, ஹோசே ஆர்க்காதியோ என்று பெயர்கள் தலைமுறைதோறும் திரும்பத் திரும்ப வருவதால் வம்சப் படம் இல்லாமல் உள்ளேயே போகாதீர்கள். வாழைத்தோட்டத் தொழிலாளர் படுகொலைக்கு 1928-இல் கொலம்பியாவில் நடந்தது அடிப்படை என்று ஒரு வரி போதும். பிணங்கள் நிறைந்த ரயிலிலிருந்து தப்பி வந்தவன் சொல்வதை யாருமே நம்புவதில்லை, பக்கத்தை அதற்குச் செலவழியுங்கள்.

கைடு படிக்கவேண்டாம் என்று சொல்லமாட்டேன், நானும் வாங்கினேன். நாவலை ஒருமுறை முடித்துவிட்டு அதைத் திறங்கள், இல்லாவிட்டால் கைடு எழுதியவர் கண்ட விரிசல் மட்டும்தான் உங்கள் கண்ணிலும் படும். அப்புறம் நேரம்: முப்பது நிமிடக் கேள்வி என்றால் முதல் ஐந்து நிமிடம் எழுதாதீர்கள். கடைசிப் பக்கத்தில் அந்தக் குடும்பத்தின் பெயர்களைச் சின்னதாக எழுதி, யாரிடமிருந்து தொடங்கப்போகிறீர்கள் என்று ஒரு பெயரைச் சுற்றி வட்டம் போடுங்கள். இறுதித் தேர்வில் நான் வட்டம் போட்டது அமீனாவை.