அத்தை வீட்டுக் கெட்டில் எனக்குத் தகவல் அனுப்பும்

என் மாமியாருக்கு வயது 76. சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய மூன்றறை வீட்டில் தனியாக இருக்கிறார். மாமா காலமான பிறகு, "எங்களோடு வந்துவிடுங்கள் அத்தை" என்று நானும் மனைவியும் கேட்டுப் பார்த்தோம். பணிப்பெண் வைக்கலாம் என்று பெர்த்தில் இருக்கும் மைத்துனர் சொன்னார். இரண்டுக்கும் அத்தையின் பதில் ஒன்றுதான்: "கை கால் ஓடுற வரைக்கும் என் வீட்ல நான் இருக்கேன்."

அப்புறம் ஒருநாள் இரவு குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை. ஆனால் தரையிலிருந்து எழுந்து, கைப்பேசி இருந்த கூடத்துக்கு வந்து சேர வெகு நேரம் ஆகியிருக்கிறது. அதையும் அவராகச் சொல்லவில்லை. இடுப்பில் கன்றிப் போயிருந்ததை மகள் பார்த்துக் கேட்டதால் வெளியே வந்தது. சரி, அவர் விருப்பப்படியே தனியாக இருக்கட்டும், அதற்கேற்ற மாதிரி வீட்டை மாற்றுவோம் என்று முடிவு செய்தோம்.

இந்த வேலை என் தலையில் விழுந்ததற்குக் காரணம் உண்டு. மகள் சொல்லிக்கொடுத்தால் அம்மாவுக்கு ரோஷம் வரும்; அம்மா மறுபடி கேட்டால் மகளுக்குப் பொறுமை போய்விடும். மாப்பிள்ளையிடம் அத்தை சிடுசிடுக்க மாட்டார், நானும் அவரிடம் குரலை உயர்த்த முடியாது. பாடம் நடத்த இதைவிடத் தோதான உறவு கிடையாது.

முதலில் குளியலறை. வீவகவின் 'ஈஸ்' திட்டம் 2012இலிருந்து இருக்கிறது. சிங்கப்பூர்க் குடிமக்களின் வீட்டில் 65 வயது நிரம்பியவர் இருந்தால் கைப்பிடிக் கம்பிகள், வழுக்காத தரை, சரிவுப் பாதை ஆகியவற்றைப் பெரும் கழிவில் செய்துகொடுப்பார்கள். மூன்றறை வீட்டுக்கு நாம் கட்ட வேண்டியது 5 விழுக்காடுதான். 2024 ஏப்ரல் முதல் மடக்கு இருக்கை போன்ற சில புதிய பொருள்களையும் சேர்த்திருக்கிறார்கள். இதில் சொல்ல வேண்டிய ஒரே விஷயம், கம்பியை எங்கே பொருத்துவது என்பது. வேலை செய்யும் ஒப்பந்தக்காரர் வரும்போது வயதானவரையே குளியலறையில் நிற்க வைத்து, உட்கார்ந்து எழச் சொல்லி, கை இயல்பாக எங்கே போகிறதோ அங்கே பென்சிலால் குறித்துவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். என் உயரத்துக்கு வைத்திருந்தால் அத்தைக்கு எட்டியிருக்காது.

அடுத்தது கைப்பேசி. அத்தைக்கு இயந்திரம் என்றால் பயம் என்று நினைத்துவிடாதீர்கள். எழுபதுகளில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சால்டரிங் வேலை செய்தவர். பயமெல்லாம் பணத்தைப் பற்றித்தான். தப்பாக எதையாவது அமுக்கி வங்கியில் இருப்பது போய்விடுமோ என்று திறன்பேசியை அலமாரியில் வைத்துவிட்டு, பழைய பட்டன் போனையே பயன்படுத்திக்கொண்டிருந்தார்.

மனம் மாறியது, கடைகளில் செலவழிக்க அரசாங்கம் வீடுகளுக்குக் கொடுக்கும் சிடிசி பற்றுச்சீட்டால். அதுவரை எங்கள் வீட்டில் யாராவது இணைப்பைத் திறந்து, காகிதத்தில் அச்சடித்துக் கொடுப்போம். ஒருநாள் உணவங்காடியில் தோசைக் கடைக்கு முன்னால், பக்கத்து மேசைச் சீனப் பாட்டி கைப்பேசியிலேயே 2 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 5 வெள்ளி என்று தொட்டுத் தேர்ந்தெடுத்துக் காட்டியதைப் பார்த்திருக்கிறார். அன்று மாலையே, "மாப்பிள்ளை, அந்த வவுச்சரை எனக்கும் போன்ல போட்டுக் குடுங்க" என்றார். அவர் கேட்டதிலிருந்து தொடங்கியதால்தான் மற்றதெல்லாம் நடந்தது என்று நான் நம்புகிறேன். அவசர அழைப்பு, மோசடித் தடுப்பு என்று என் கவலைகளில் தொடங்கியிருந்தால் கைப்பேசி அலமாரிக்கே திரும்பியிருக்கும்.

சில நுணுக்கங்கள் சொல்கிறேன், யாருக்காவது உதவும். வயதானவர்கள் திரையை அழுத்தி, கொஞ்ச நேரம் விரலை எடுக்காமல் வைத்திருப்பார்கள். கைப்பேசி அதை 'நீண்ட அழுத்தம்' என்று எடுத்துக்கொண்டு படக்குறிகளை நகர்த்தவோ அழிக்கவோ ஆரம்பித்துவிடும். ஆண்ட்ராய்டில் அணுகல்தன்மை அமைப்புக்குள் போய், தொட்டுப் பிடிக்கும் நேரத்தை நீளமாக்கினால் பாதித் தொல்லை ஒழியும். விரல் நுனி வறண்டிருப்பதால் கைரேகையும் சரியாகப் படியாது. கடவு எண்ணே மேல். அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளமான சிங்பாஸில் முகச் சரிபார்ப்பு செய்யும்போது மூக்குக்கண்ணாடியில் மேல்விளக்கு பளீரென்று விழுந்து திரும்பத் திரும்பத் தோல்வி. கண்ணாடியைக் கழற்றி, சன்னலைப் பார்த்து உட்கார வைத்ததும் ஒரே நொடியில் முடிந்தது.

முகப்புத் திரையில் ஆறேழு குறிகள் மட்டும் விட்டு மற்றதை மறைத்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் தட்டச்சு வேண்டாம், குரல் செய்தி போதும். தமிழ் வானொலி ஒலி 96.8 கேட்க மீலிசன் செயலி. நான் வேலைக்குப் போகும் நாள்களில் சந்தேகம் வந்தால் நூலகத்துக்குப் போய், கைப்பேசிப் பயன்பாட்டைச் சொல்லிக்கொடுக்கும் மின்னிலக்கத் தூதர்களிடம் கேட்பார். 2020இல் தொடங்கிய 'சீனியர்ஸ் கோ டிஜிட்டல்' திட்டத்தின் ஏற்பாடு அது, இலவசம்தான். தமிழ் பேசுபவர் எப்போதும் இருப்பார் என்று சொல்ல முடியாது. அத்தைக்கு மலாய் கைகொடுக்கும்.

மோசடி விஷயத்தில் ஒரே ஒரு விதியைத்தான் சொல்லிக்கொடுத்தோம்: எண்ணுக்கு முன்னால் கூட்டல் குறி வந்தால் எடுக்கக்கூடாது. வெளிநாட்டு அழைப்புகளுக்கு 2020லிருந்து அந்தக் குறி வருகிறது. உள்ளூரிலிருந்து வருவதுபோல் +65 காட்டினாலும் அது வெளிநாட்டு அழைப்புதான். பெர்த் மகன் வாட்ஸ்அப்பில் மட்டும் அழைப்பார் என்று பேசி வைத்தோம். சந்தேகம் என்றால் மோசடித் தடுப்பு உதவி எண் 1799. சேமிப்பில் பெரும்பகுதியை, உள்ளூர் வங்கிகள் 2023 நவம்பரில் கொண்டுவந்த பணப்பூட்டு வசதியில் போட்டுவிட்டோம். அந்தப் பணத்தை இணையம் வழி யாரும் மாற்ற முடியாது, அத்தை உட்பட. அதைக் கேட்ட பிறகுதான் அவர் நிம்மதியாகத் திரையைத் தொட்டார்.

இனி, நாங்கள் அதிகம் வாதாடிய பகுதி. மறுபடி விழுந்தால் எங்களுக்கு எப்படித் தெரியும்?

மைத்துனர் கேமரா வைக்கச் சொன்னார். வாங்கியும் அனுப்பிவிட்டார். அத்தை பெட்டியைப் பிரிக்கவே விடவில்லை. "நான் தலை வாரிக்கிறதையும் சாமி கும்பிடுறதையும் அவன் அங்க உட்கார்ந்து பார்க்கணுமா?" என்றார். நியாயமான கேள்வி, நான் அத்தை பக்கம். கழுத்தில் போடும் அவசரப் பொத்தானை வாங்கினோம், அது முருகன் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கியது. விழுந்தால் தானே கண்டுபிடிக்கும் கைக்கடிகாரம் பற்றியும் பேசினோம். தினமும் சார்ஜ் போட வேண்டும் என்றதும் பேச்சு முடிந்தது.

கடைசியில் நான் கேட்டேன்: "அத்தை, காலையில் எழுந்ததும் தவறாமல் தொடும் பொருள் எது?" யோசிக்காமல், "கெட்டில்" என்றார்.

இது புதிய யோசனை அல்ல. ஜப்பானில் சோஜிருஷி நிறுவனம் 2001இலேயே, தண்ணீர் சூடாக்கினால் பிள்ளைகளுக்குத் தகவல் போகும் மின்கெண்டியை விற்கத் தொடங்கியது. நமக்கு அவ்வளவுகூடத் தேவையில்லை, சுவர் மின்செருகிக்கும் கெட்டிலுக்கும் நடுவில் மாட்டி, மின்சாரத்தை அளந்து வைஃபை வழி தகவல் அனுப்பும் ஒரு ஸ்மார்ட் பிளக் போதும். கெட்டில் ஓடினால் எனக்கும் மனைவிக்கும் தகவல் வரும். எட்டரை மணி வரை வராவிட்டால் நாங்கள் அழைப்போம்.

வாங்கும்போது கவனியுங்கள். கெட்டில் 2,000 வாட்டுக்கு மேல்கூட இழுக்கும். 230 வோல்ட்டில் அது 9 ஆம்பியருக்குப் பக்கம். 13 ஆம்பியர் தாங்கும், பாதுகாப்புச் சின்னம் உள்ள பிளக்கையே எடுங்கள். அத்தை அதைக் கையில் வாங்கி, தொழிற்சாலைக் கண்ணோடு திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தார்.

அவருக்கு இன்னொரு பழக்கம், வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சை அணைத்துவிடுவது. அணைத்தால் பிளக்கும் தூங்கிவிடும். மறுநாள் சுவிட்சைப் போட்டதும் வைஃபையைப் பிடிக்கச் சில நொடிகள் ஆகும், ஆனால் தண்ணீர் கொதிக்கச் சில நிமிடங்கள் ஆவதால் தகவல் எப்படியும் வந்துவிடும். செயலியில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது: மின்சாரம் திரும்பும்போது பிளக் 'ஆன்' நிலையில் எழ வேண்டும். இல்லாவிட்டால் கெட்டிலுக்கு மின்சாரமே போகாது, அத்தைக்குத் தேநீரும் கிடைக்காது.

பெரிய வில்லன் இடிதான். இடி இடித்தால் அத்தை வீட்டிலுள்ள எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவார், வைஃபை பெட்டி உட்பட. நம் ஊரில் இடிக்கென்ன பஞ்சமா? ஒருநாள் காலையில் தகவல் இல்லை, அழைத்தால் பதிலும் இல்லை. எதிர்வீட்டு மலாய் மக்சிக்கிடம் (மலாயில் பெரியம்மா மாதிரி) மாற்றுச் சாவி கொடுத்து வைத்திருந்தோம். அவர் போய்ப் பார்த்தால், அத்தை நடைபாதையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார், முந்தின இரவு பிடுங்கிய பெட்டி பிடுங்கியபடியே கிடக்கிறது. இப்போது வைஃபை பெட்டியின் பிளக்கில் சிவப்பு நாடா கட்டி, காலையில் முதல் வேலையாக மாட்டுவது என்று ஏற்பாடு. பெரும்பாலும் மாட்டிவிடுகிறார்.

பகலில் விழுந்தால் கெட்டில் உதவாது என்பது தெரியும். குளியலறைக்கு அசைவு உணர்கருவி ஒன்று பேச்சில் இருக்கிறது. "படம் எடுக்காதுல்ல?" என்று அத்தை கேட்டிருக்கிறார், அந்த அளவில் நிற்கிறது.

எல்லாவற்றையும் கைப்பேசிக்குக் கொண்டுவர நாங்கள் முயலவில்லை. பலதுறை மருந்தகத்தில் (அரசாங்க மருத்துவ நிலையம்) டாக்டரைப் பார்க்கும் சந்திப்புகளை அத்தையின் சம்மதத்தோடு மனைவி தன் ஹெல்த்ஹப் மருத்துவச் செயலிக் கணக்கு வழியாகப் பார்த்துக்கொள்கிறார். சர்க்கரை அளவை அத்தை இன்னும் கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில்தான் எழுதுகிறார், பக்கம் நிரம்பினால் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போடுகிறார். அதற்கென்று ஒரு செயலியை நான் எடுத்துக்காட்டியபோது, டாக்டர் நோட்டைத்தான் கேட்பார் என்று சொல்லிவிட்டார். அந்தச் செயலியை நானும் நீக்கிவிட்டேன்.