பாட்டியின் நோட்டும் எங்கள் களப்பணியும்

மார்ச் 4, 2025, செவ்வாய்

மேலூர், திருப்பத்தூர் வழியாகக் காரைக்குடி வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி ஊர் சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. பதினோரு மாணவர்கள், பேராசிரியர், பொறுப்பாளர் என்ற பெயரில் ஆய்வு மாணவியான நான். பல்கலைக்கழகத்தில் கிறித்தவ இறையியல் படிப்பவர்கள் வருடத்தில் பத்து நாள் ஏதாவது ஒரு கிராமத்தில் வேலை செய்ய வேண்டும் என்பது எங்கள் துறையின் ஏற்பாடு. இந்த வருடம் செட்டிநாடு. வேலை செய்யும் ஊர் தேவகோட்டைப் பக்கம் ஒரு கத்தோலிக்கக் கிராமம். தங்குவது பக்கத்து ஊரில், ஒரு செட்டியார் வீட்டின் உள்பகுதியான இரண்டாங்கட்டில்.

இறங்கியதும் இறங்காததுமாக ஒரு தம்பி ஃபிளெக்ஸ் பேனரை விரித்துவிட்டான். துறையின் பெயர், பெரிய சிலுவை, 'மக்களை நோக்கி' என்று ஒரு வாசகம். வீட்டு ஆச்சி முகப்பில் நின்று அதை முழுதாகப் படித்தார்.

"இத எங்க கட்டப் போறீக?"

"வாசல்ல, ஆச்சி."

"கல்யாணத்துக்கே ஒரு நாளுக்கு மேல நாங்க வாசல்ல எதையும் கட்டுறதில்ல. பத்து நாளா?"

பேனர் சுருட்டப்பட்டது. ஆச்சிக்குக் கோபமெல்லாம் இல்லை. கும்மாயம் என்ற இனிப்புக் கிண்டி வைத்திருந்தார். "சாமி எந்தச் சாமியா இருந்தாலும் சரி. வளவுக்குள்ள செருப்பு மட்டும் வரக் கூடாது" என்றார். அவ்வளவுதான் நிபந்தனை.

வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றிலும் பூட்டிய அறைகள். ஒவ்வொன்றும் ஒரு பங்காளியுடையது. சாவி சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறது. பக்கத்து வீட்டில் நிலைக்கதவு இருந்த இடத்தில் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள்.

மார்ச் 5, புதன்

திருநீற்றுப் புதன். நான் குமரி மாவட்டத்து சி.எஸ்.ஐ., புராட்டஸ்டன்ட் சபை. எங்கள் வீட்டில் இந்தப் பழக்கம் கிடையாது. இன்று முதன்முறையாகப் பங்குச் சாமியாரிடம் நெற்றியை நீட்டினேன். 'மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்' என்று அவர் சொல்லும்போது பின்னால் ஒரு குழந்தை தும்மியது.

திரும்பி வந்தபோது ஆச்சி என் நெற்றியையே பார்த்தார். "நீங்களும் திருநீறு பூசுவீகளா?"

"ஆமா ஆச்சி. போன வருசக் குருத்தோலையை எரிச்சு அந்தச் சாம்பல எடுத்துக்குவாங்க."

"நல்ல ஓலையையா எரிப்பீக?" என்று கேட்டுவிட்டு, தான் முடைந்த கொட்டான் கூடைகளை எடுத்து வந்து வரிசையாகக் காட்டினார். சாயம் போட்ட ஓலை, ஓரத்தில் வண்ண நூல் பின்னல். எங்கள் தரப்பு எடுபடவில்லை.

மார்ச் 6, வியாழன்

நாங்கள் தயாரித்து வந்தது சமய நல்லிணக்க வீதி நாடகம். இரண்டு மாதம் ஒத்திகை பார்த்தது. மணியடித்துக் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை பொறுமையாகக் கதையைக் கேட்டுவிட்டு, "இந்துவும் கிறிஸ்தவனும் சண்டை போடுற மாதிரி வருதே, இங்க அப்படி எப்பவும் நடந்ததில்லையே. நீங்க நடிச்சுக் காட்டித்தான் தெரிஞ்சுக்கணுமா?" என்றார். நாடகம் அத்துடன் நின்றது.

அப்புறம் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது ஒரு அம்மா மஞ்சப்பையைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். "படிச்ச புள்ளைகதானே, இதப் பாருங்க." உள்ளே முதியோர் உதவித்தொகை விண்ணப்பம், மூன்று தடவை திரும்பி வந்தது. காரணம் பெயர். ஞானஸ்நானப் பதிவில் ஆரோக்கியமேரி, ரேஷன் கார்டில் மேரி, ஆதாரில் ஆரோக்கியம். மூன்றும் ஒரே மாமியார்தான் என்று அரசாங்கத்துக்கு நம்பிக்கை வரவில்லை. மாதம் 1,200 ரூபாய், நிற்கிறது.

ஒரு மணி நேரத்தில் கோயில் மண்டபத்தில் முப்பது மஞ்சப்பைகள். எங்கள் பிள்ளைகள் 1980களில் எழுந்த தலித் இறையியல் பற்றி இருபது மதிப்பெண் கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்கள். சாதிச் சான்றிதழ் படிவத்தைக் கையில் கொடுத்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு தாய் வந்திருந்தார்; மகள் பிளஸ் டூ பரீட்சை எழுதப் போயிருக்கிறாள். அதே தெருவில் அவர் அண்ணன் வீடு. அவர்கள் மதம் மாறாதவர்கள். அண்ணன் மகள் எஸ்.சி. இவர் மகள் பி.சி. "ஒரே பாட்டனுக்குப் பேத்திங்க. ஒருத்தி மட்டும் எப்படிம்மா வேற?" பேராசிரியர் சொன்னார்: 1950ஆம் வருட ஜனாதிபதி ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துவாக இல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது, 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியிலேயே நிற்கிறார்கள், 2022இல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இதை ஆராய ஆணையம் போட்டார்கள். எல்லாம் சரியான பதில்தான். அந்த அம்மா கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப இந்த வருசம் என் மகளுக்கு?" என்றார்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மார்ச் 7, வெள்ளி

இன்று எழுத நிறைய இருக்கிறது.

சாயங்காலம் சிலுவைப்பாதை முடிந்த பிறகு, பெண்கள் கலையவில்லை. நடுவில் ஒரு பாட்டி, எண்பது இருக்கும், துணியில் சுற்றிய தடித்த நோட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டார். வியாகுலப் பிரசங்கம், இயேசுவின் பாடுகளைச் சொல்லிப் புலம்பும் நூல். பதினெட்டாம் நூற்றாண்டில் இலங்கையில் பணி செய்த கோவாக்காரர் யாக்கோமே கொன்சால்வெஸ் எழுதியது. தாய்மொழி கொங்கணி; தமிழை வந்து கற்றுக்கொண்டவர். கொன்சால்வெஸ் 1742இல் இறந்தார் என்று பரீட்சைக்குப் படித்திருக்கிறேன். ஆனால் அவருடைய உரைநடையை ஒப்பாரி இராகத்தில் இழுத்தால் எப்படி இருக்கும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. பாட்டி ஒரு வாக்கியத்தின் கடைசியை இழுக்க, சுற்றியிருந்தவர்கள் அந்த இழுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். மாதா அழுவதாகத்தான் ஆரம்பித்தது. பாதியில் யார் யாருக்கு எந்தச் சாவு நினைவுக்கு வந்ததோ, மூக்கைச் சிந்தும் சத்தம் எல்லாப் பக்கமும்.

முடிந்ததும் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அது ஒரு பேரேடு. பாட்டியின் அப்பா ஒரு செட்டியார் வீட்டில் கணக்கெழுதியவராம். மீந்துபோன பேரேட்டை வாங்கி வந்து பிரதி எடுத்திருக்கிறார். முதல் ஆறு பக்கம் வட்டிக் கணக்கு. ஏழாம் பக்கத்திலிருந்து மாதாவின் புலம்பல். பக்க எண்களெல்லாம் தமிழ் எண்ணில். தாள் முழுக்க மெழுகுவர்த்திச் சொட்டு.

பேராசிரியர் உடனே, "இதை ஆவணப்படுத்த வேண்டும். துறைக்குக் கொண்டுபோய் ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பித் தருகிறோம்" என்றார். பாட்டி அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "பெரிய வெள்ளிக்கு வேணும்த்தா."

"கண்டிப்பா பாட்டி. அதுக்கு முன்னாடியே" என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

சருகணி கத்தோலிக்கக் கோயிலுக்குப் போனோம். மருது சகோதரர்கள் இந்தக் கோயிலுக்குத் தேர் கொடுத்தார்கள் என்பதை ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். 1801 அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் அவர்களைத் தூக்கிலிட்டான் வெள்ளைக்காரன். அவன் மதத்துக் கோயிலுக்குத்தான் அவர்கள் தேர் கொடுத்திருந்தார்கள் என்று ஒரு மாணவன் குறிப்பெழுதினான். தூக்கிலிட்ட கம்பெனிக்காரன் புராட்டஸ்டன்ட், இது கத்தோலிக்கக் கோயில், அந்த வரியை வெட்டு என்றேன்.

திரும்பி வந்ததும் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். நடுவில் ஒரு சுவர். "இது எதுக்கு?" என்று ஒரு மாணவி கேட்டாள். கோயில்பிள்ளை காதில் விழாதவர் மாதிரி, மணியடிக்க நேரமாகிவிட்டதென்று போய்விட்டார். மணி அடிக்க இன்னும் அரைமணி நேரம் இருந்தது. வியாழக்கிழமை அவர் சொன்னது சரிதான், இங்கே இந்து கிறிஸ்தவச் சண்டை இல்லை. நாங்கள் நாடகத்தைத் தப்பான தலைப்பில் போட்டுவிட்டோம்.

மார்ச் 11, செவ்வாய்

காலையில் குன்றக்குடி மடம். இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த 1982 மண்டைக்காட்டுக் கலவரத்தின்போது குன்றக்குடி அடிகளார் எங்கள் மாவட்டத்துக்கு வந்து சமாதானம் பேசியதை அப்பா அடிக்கடி சொல்வார். சைவ மடாதிபதி ஒருவர் கிராமத்துக்குத் திட்டம் போட்டு, தொழில் கொண்டுவந்து, 'குன்றக்குடி மாதிரி' என்று வெளியூர்க்காரர்கள் வந்து பார்க்கும்படி செய்தார். அவர் செய்தது ஊர்க்காரராக அங்கேயே இருந்து. நாங்கள் பத்து நாளில் பஸ் ஏறுகிறவர்கள்.

மதியம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. பழம்பொருள் கடைகள். தூண், நிலைக்கதவு, எனாமல் தூக்கு, யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாண போட்டோ சட்டத்தோடு. யார் வீட்டு மாப்பிள்ளை என்று கேட்க ஆளில்லை, விலை மட்டும் எழுதியிருக்கிறது. பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த புத்தகங்கள் இன்று சென்னையில் அவர் பெயரிலேயே நூலகமாக இருக்கின்றன. என் ஆய்வுக்குப் பாதித் துணை அந்த நூலகம்தான். அது போனது நல்லதற்கு என்றுதான் எப்போதும் நினைத்திருக்கிறேன். இன்று அந்தத் தெருவில் நடக்கும்போது என் பைக்குள் பாட்டியின் பேரேடு இருந்தது.

மார்ச் 13, வியாழன்

கிளம்பிவிட்டோம். விண்ணப்பங்களில் பதினேழு போய்ச் சேர்ந்தன. மீதிக்கு சர்வர் வேலை செய்யவில்லை. ஆச்சி ஆளுக்கொரு கொட்டான் கொடுத்தார்.

ஏப்ரல் 9, புதன்

நோட்டு துறை மாடியில் இருக்கிறது என்று மூன்று வாரமாகச் சொன்னார்கள். இன்று நானே போய்ப் பார்த்தேன். ஸ்கேனரில் தட்டையாகப் படிய வேண்டும் என்று தையல் நூலை வெட்டியிருக்கிறார்கள். தாள் தாளாக ஒரு அட்டைப் பெட்டியில் கிடந்தது. கேட்டால், "வரிசையாத்தான் அக்கா அடுக்கியிருக்கோம்" என்றான் ஸ்கேன் செய்த தம்பி. அவனுக்குத் தமிழ் எண் தெரியாது. 'ச' மாதிரி இருப்பது நான்கு, 'சு' மாதிரி இருப்பது ஆறு. இரண்டையும் ஒன்றாக நினைத்து அடுக்கியிருக்கிறான். பல தாளில் எண் இருந்த மூலையையே செல்லரித்திருக்கிறது. அவனைத் திட்ட வாய் எடுத்தேன். 'கண்டிப்பா பாட்டி' என்று சொன்னது நான்தானே.

பேராசிரியரிடம் சொன்னேன். "ஸ்கேன் நன்றாக வந்திருக்கிறது" என்றார்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

விடியற்காலை பஸ். பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

பாட்டி பெட்டியைத் திறந்து பார்த்தார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. நான் தமிழ் எண்ணைப் படித்து அடுக்க ஆரம்பித்தேன். நாற்பதுக்கு மேல் மூலை போன தாள்களில் மாட்டிக்கொண்டேன்.

"நீங்க படிச்சுப் பாருங்க பாட்டி, எது எதுக்கு அப்புறம்னு."

"எனக்கு ஏதுத்தா எழுத்து?" என்றார்.

அன்றைக்கு மடியில் நோட்டை வைத்துக்கொண்டு பக்கம் புரட்டிப் பாடியது எல்லாம் மனப்பாடம். நோட்டு அப்பாவின் கையெழுத்து என்பதற்காக மடியில் இருந்தது, அவ்வளவுதான்.

தாள்களைத் திண்ணையில் பரப்பச் சொன்னார். ஒவ்வொன்றாக எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார். ஒரு தாளில் சொட்டிய மெழுகு அடுத்த தாளில் அதே இடத்தில் எண்ணெய்க் கறையாக இறங்கியிருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் சின்னதாக. கறையைக் கறையோடு பொருத்திப் பொருத்தி வைத்தார். சந்தேகம் வந்த இடத்தில் என்னை இரண்டு வரி படிக்கச் சொல்லி, உதட்டுக்குள் பாடிப் பார்த்து, "இல்ல, இது பின்னால" என்று மாற்றினார். எனக்கு ஒரு மணி நேரத்தில் வராதது அவருக்குக் கால் மணியில் முடிந்தது. வட்டிக் கணக்கு ஆறு பக்கத்தையும் மறக்காமல் மேலே வைத்தார்.

பேத்தி கோணி ஊசியும் சணல் நூலும் கொண்டுவந்தாள். பிளஸ் டூ முடித்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளை. அன்று 'அப்ப இந்த வருசம் என் மகளுக்கு?' என்று கேட்ட அம்மாவின் மகள் இவள்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. சான்றிதழில் பி.சி. என்றே வந்திருக்கிறதாம்.

"எத்தன மணிக்கு ஒனக்குப் பஸ்?" என்றார் பாட்டி.

"மூணு மணிக்கு."

"அதுக்குள்ள தச்சிரலாம். அந்த ஓரத்த அழுத்திப் பிடி, நகராம."