பால் வெட்டில்லாத மாமாவும் ஒரு மினி ஆல்பமும்

மழை விடாமல் பிடித்துவிட்டால் குலசேகரம் பக்கத்து ரப்பர்க்காரர்கள் ரெண்டு ரகம். மரத்துக்கு பிளாஸ்டிக் பாவாடை கட்டிவிட்டுப் பால் வெட்டுகிறவர்கள் ஒரு ரகம். கட்டாமல் வீட்டில் இருந்துகொண்டு வீட்டிலுள்ளவர்களை வெட்டுகிறவர்கள் இன்னொரு ரகம். மாமா எந்த ரகம் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. இந்த மழைக்கு அவர் கண்ணில் பட்டது, அயர்லாந்தில் இருக்கும் பேத்திக்கு அனுப்ப வீட்டில் கையால் செய்துகொண்டிருந்த மினி போட்டோ ஆல்பம்.

மேசையில் கார்டுஸ்டாக் என்கிற கெட்டிக் காகிதம், இங்க் பேடு, மரப்பிடி போட்ட ரப்பர் ஸ்டாம்புகள். மாமா ஒன்றைத் தூக்கினார். அதிலிருந்த பூவைப் பார்க்கவில்லை. பின்னால் ஒட்டியிருந்த விலையைப் பார்த்தார்.

"முந்நூறு ரூவாயா? இதுல எம்பிடு ரப்பர் இருக்கும் மக்ளே?"

"மரத்தைக் கழிச்சா இருபது கிராம் இருக்கும் மாமா."

உதடு அசைந்தது. கணக்கு முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "கிலோ பதினஞ்சாயிரம்! நான் இருட்டோட எழும்பி, வெட்டி, பால் எடுத்து, ஆசிட் ஊத்தி, ஷீட் அடிச்சு, பொகை போட்டுக் கொண்டு குடுத்தா, ஈரம் இருக்குன்னு அதுலயும் பிடிக்கான். இவன் பூ போட்டு பதினஞ்சாயிரம் வாங்குதான்."

"தொடங்கியாச்சு" என்றார் மாமி, அடுக்களையிலிருந்து.

கொஞ்ச நேரத்தில் புகைப்புரையிலிருந்து ஒரு ஷீட்டோடு வந்துவிட்டார். நம்ம தோட்டத்து ரப்பர், நம்ம கத்தி, நம்ம கை. எதற்கு முந்நூறு ரூபாய் என்பது கட்சி. ஷீட் ரப்பரில் ஸ்டாம்பு வராது. அது கந்தகம் சேர்த்து வேகவைக்காத ரப்பர். சூட்டில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கத்தி போகிற வழியிலேயே இழுபட்டு வரும். வெட்டின விளிம்பு வெட்டின இடத்தில் நிற்காது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குணம் மாறும் என்று சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தது 1839-இல். ஸ்டாம்பு செய்கிறவர்கள் கந்தகம் கலந்த ரப்பரை அச்சின்மேல் வைத்து, 150 டிகிரி சுமாருக்குச் சூடான பிரஸ்ஸில் அமுக்குகிறார்கள். உருவம் பதிவதும் ரப்பர் வேகுவதும் ஒரே அமுக்கில் முடியும்.

இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் மாமா செதுக்கி, பேடில் அமுக்கி, காகிதத்தில் குத்திவிட்டார். பூ வரவில்லை. ஷீட் அடிக்கிற ரோலரின் வரிதான் சரிவு சரிவாக வந்தது, நடுவில் ஒரு ஊதாத் திட்டு.

"ஜீப்பு ஏறினது போல இருக்கு" என்றார் மாமி.

இதற்கிடையில் காகிதம் வேறு பாடு படுத்திக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் கார்டுஸ்டாக் ஈரம் குடித்துத் தொளதொளவென்று ஆகிவிடும். மடிப்புக்கோடு கூராக விழாது, பசை காயாது. வாங்கின ஷீட்டைத் தட்டையாக பிளாஸ்டிக் உறையில் போட்டு, செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்தைச் சேர்த்து ஸ்டீல் பீரோவில் வைத்தால் போதும். மாமாவுக்கு அது போதவில்லை. "காயணும், அம்பிடுதானே?" என்று ஒரு முழு ஷீட்டை எடுத்துப்போய் புகைப்புரையில் ரப்பரோடு ரப்பராகத் தொங்கவிட்டுவிட்டார். வெளியே எடுத்தபோது அது நாலு பக்கமும் சுருண்டு, வெல்லப்பாகு நிறத்தில் இருந்தது. மாமா அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, சந்தையில் பார்க்கிற அதே பார்வை பார்த்து, "ஆர்.எஸ்.எஸ். நாலு" என்று புகைபோட்ட ரப்பர் ஷீட்டைப் போலவே தரம் பிரித்தார். புகை ஏறின காகிதம் போட்டோவைத் தொடக்கூடாது, தொட்டால் பழுப்பு படத்துக்கும் இறங்கும். அதனால் குப்பைக்குப் போகவேண்டியது. அன்றைக்கு ராத்திரி அயர்லாந்திலிருந்து போனில் இதைக் கேட்ட மதினிதான், "எறிஞ்சிராதுங்க, ஒரு துண்டு வெச்சு விடுங்க. அந்த மணம் இங்க எங்க கிடைக்கும்" என்றாள். ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் தனி உறை ஒட்டி, அதற்குள் ஜிப் கவரில் ஒரு துண்டு போகிறது. போட்டோவுக்குப் படாமல்.

ஆல்பம் விசிறி மடிப்பு. கொரியருக்குக் கனம் குறையும், ஊசி நூல் வேண்டாம். ஸ்டூடியோவில் 4×6 அங்குலத்துக்குப் பிரிண்ட் போட்டு நடுவில் வெட்டினால் 3×4-இல் ரெண்டு படம். பக்கம் 4 அங்குல அகலம், 5 அங்குல உயரம் என்றால் சுற்றி அரை அங்குலம் ஸ்டாம்பு குத்த மிஞ்சும். 250 ஜி.எஸ்.எம். கார்டுஸ்டாக் 22×28 அங்குல முழு ஷீட்டாக வாங்கி, 22 அங்குல நீளத்துக்கு 5 அங்குலப் பட்டையாக வெட்டிக்கொள்ள வேண்டும். ஒரு பட்டையில் ஐந்து பக்கம், மீதியில் அரை அங்குலம் ஒட்டு நாக்கு. ரெண்டு பட்டையை ஒட்டினால் பத்துப் பக்கம்.

ஆனால் வெட்டுவதற்கு முன்னால் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தே ஆகவேண்டும். ஷீட்டை மடிக்காமல், சும்மா வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சட்டென்று வளையும், இன்னொரு பக்கம் முரண்டு பிடிக்கும். எளிதாக வளைந்து குழல் மாதிரி வருகிறபோது அந்தக் குழலின் நீளவாட்டில்தான் நார் ஓட்டம்; மடிப்பும் அதே போக்கில் இருக்கவேண்டும். இதைப் பாராமல் குறுக்கே மடித்தால் முதுகு வெடித்து நார் வெளியே வரும். அதற்குமேல் எந்த லேஸ் ஒட்டி மறைத்தாலும் பிரயோசனமில்லை. கடையில் கிடைக்கிற ஏ4 கார்டுஸ்டாக்கில் நார் பெரும்பாலும் நீளவாட்டில்தான் ஓடும். அதை நீளப் பட்டையாக வெட்டி விசிறி மடித்தால் ஒவ்வொரு மடிப்பும் வெடிக்கும். இதைத் தெரியாமல் 'காகிதம் மட்டம்' என்று கடைக்காரரைத் திட்டுகிற கூட்டம் பெரிது.

மடிப்புக்கோடு போட மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவும் ஸ்டீல் ஸ்கேலும் போதும். அழுத்தின பள்ளம் மடிப்புக்கு வெளியே வரவேண்டும், மறுபக்கம் எழும்புகிற மேடு உள்ளே. விசிறியில் மடிப்பு முன்னும் பின்னுமாக மாறி மாறி வருவதால், ஒன்றுவிட்டு ஒரு கோட்டைப் பட்டையைத் திருப்பிப் போட்டுப் போடவேண்டும்.

அட்டைக்கு 2 மில்லிமீட்டர் க்ரே போர்டு, 4¼×5¼ அங்குலத்தில் ரெண்டு. மேலே ஒட்டுகிற காகிதம் சுற்றிலும் முக்கால் அங்குலம் கூடுதலாக, 5¾×6¾. மூலையைச் சரிவாக நறுக்கும்போது போர்டின் முனையிலிருந்து 3 மில்லிமீட்டர் விடவேண்டும். ஒட்ட நறுக்கினால் மடித்தபின் முனையில் சாம்பல் போர்டு பல்லைக் காட்டும். வெள்ளைப் பசையை போர்டில் மெலிசாகத் தடவுங்கள். காகிதம் ஈரத்தில் விரிந்து காயும்போது சுருங்கி, போர்டைத் தன் பக்கம் இழுக்கும். உள்பக்கமும் ஒரு காகிதம் ஒட்டி, பட்டர் பேப்பர் சுற்றி, ராத்திரி முழுக்கப் பாரம் வைத்தால்தான் அட்டை நிமிர்ந்து நிற்கும். பாரத்துக்கு மாமி கொண்டுவந்து வைத்தது ரேஷன் அரிசி வாளி. ரெண்டு வேளைச் சோறு பொங்க அரிசி எடுத்தார், பாரம் குறைந்ததாகத் தெரியவில்லை.

சரி, மாமா. ஷீட்டில் தோற்ற மனுஷனைச் சும்மா விட்டால் கார்டுஸ்டாக்கைத் தரம் பிரித்தே தீர்த்துவிடுவார் என்று, பெரிய வெள்ளை அழிரப்பர் ஒன்றையும் லினோ வெட்டுகிற உளியையும் கையில் கொடுத்தாயிற்று. அந்த உளியின் முனை 'வி' மாதிரி குழிந்திருக்கும். மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நம்ம கத்திக்குப் பிள்ளையில்லா?"

அதற்கப்புறம் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். பால் வெட்டில் ஒரு தடவைக்குச் சீவுகிற பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் சுமார்தான். கத்தி பட்டைக்கு உள்ளே இருக்கிற தடிக்கு ஒரு மில்லிமீட்டர் இருக்கும்போதே நிற்கவேண்டும். தொட்டால் காயம், அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். நாற்பது வருஷமாக அந்த ஆழத்தில் மட்டுமே ஓடிப் பழகின கை, அழிரப்பரில் ரப்பர் இலையை இறக்கியது. ஒரு காம்பில் மூணு இலை. ஒவ்வொரு நரம்பும் முழு நீளத்துக்கு ஒரே ஆழம். சுருள் சுருளாகச் சீவல் எழும்பி வந்தது, ஒன்றுகூட நடுவில் அறவில்லை. உளியை இடது மேலிருந்து வலது கீழாகவே தள்ளினார். வளைவு வந்தால் கையைத் திருப்பாமல் ரப்பரைத் திருப்பினார். அதுதான் முறையும்கூட. கோட்டின் ரெண்டு பக்கமும் வெளிப்புறமாகச் சரித்து வெட்டவேண்டும், அடி அகலமாக இருக்கும். உள்ளே குடைந்துவிட்டால் நாலு குத்தில் கோடு மடங்கி ஒடிந்துபோகும். மாமாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

சிக்கல் என்னவென்றால், முதல் குத்தே கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி விழுந்தது. அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை. பேடை ஸ்டாம்பின்மேல் தட்டித் தட்டி மை ஏற்றவேண்டும், ஸ்டாம்பைப் பேடில் போட்டு அமுக்கக்கூடாது என்று பால்காரருக்குப் பாடம் நடந்தது. குத்தும்போது ஆட்டக்கூடாது, காகிதத்துக்கு அடியில் மெல்லிய ஃபோம் வேண்டும் என்பது கேபிள் பணம் வாங்க வந்த பையனுக்கு. மாமி தேங்காய் எண்ணெய்க் கையோடு பக்கத்தைத் தொட்டதில் அந்த இடம் மட்டும் மை பிடிக்காமல் விரல் விரலாக வெள்ளையாக நின்றதற்கு, ஒரு முழு மத்தியானம்.

அகந்தை முற்றினபோது சங்கு வந்தது. தாத்தா காலத்துப் பத்திரத்தில் இருக்கிற திருவிதாங்கூர் வலம்புரிச் சங்கு. 1956 நவம்பர் 1-க்கு நாம் தமிழ்நாட்டுப் பக்கம் வந்துவிட்டாலும் அந்தப் பத்திரம் பெட்டியில் மலையாளத்தில்தான் பேசிக்கொண்டிருக்கிறது. அந்தச் சங்கை முதல் பக்கத்தில் போட்டே தீரவேண்டுமாம். டிரேசிங் பேப்பரில் பென்சிலால் வரைந்து, பென்சில் பக்கத்தை அழிரப்பரில் கவிழ்த்து நகத்தால் தேய்த்தால் படம் திரும்பி விழும், குத்தும்போது நேராகும் என்று சொன்னதை மாமா காதில் வாங்கவில்லை. பார்த்து, அப்படியே ரப்பரில் வரைந்தார், வெட்டினார். ஒரு சுழி விடாமல் அற்புதமான சங்கு. குத்தினார். மாமி குனிந்து பார்த்தார்.

"இது இடம்புரில்லா?"

மாமா காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்தார். தலைகீழான இடம்புரி. "கண்ணாடியில பாரு, சரியா இருக்கும்" என்றார்.

இதற்கு வழி இருக்கிறது, வெட்டினதை எறியவேண்டாம். செதுக்காத வழவழப்பான இன்னொரு அழிரப்பரை எடுத்து, மை ஏற்றின ஸ்டாம்பை முதலில் அதன்மேல் குத்தி, உடனே அந்த ரப்பரைக் காகிதத்தில் ஒற்றினால் படம் திரும்பி வரும். இதற்கு டை இங்க் சரிப்படாது, ஒற்றுவதற்குள் காய்ந்துவிடும். பிக்மெண்ட் இங்க்தான், அது மெதுவாகக் காயும். மழை ஈரத்தில் இன்னும் மெதுவாக. இந்த மழையால் உண்டான ஒரே உபகாரம் இதுதான். சங்கு கொஞ்சம் மங்கலாக, ஆனால் வலம்புரியாக விழுந்தது. மங்கலைச் சரிக்கட்ட ஈரம் காயுமுன்னே, சூட்டில் உருகி மேடாக நிற்கிற எம்போசிங் பவுடரைத் தூவி உருக்கலாம் என்றதும் மாமி மதினி விட்டுப்போன ஹேர் டிரையரைக் கொண்டுவந்து நீட்டினார். அது காற்று அதிகம், சூடு குறைவு. பவுடர் உருகாது, பறக்கும். பறந்தது. தங்கநிறப் பவுடர், அரிசி வாளிவரைக்கும். ஹீட் கன் தனி. காற்று குறைவாக, சூடு நிறைய வரும்.

வேலை முடிந்து மேசையைத் துடைக்கும்போது அழிரப்பர் சீவலையெல்லாம் கூட்டி வாரி மாமா ஒட்டுப்பால், அதாவது உறைந்துபோன கழிவு ரப்பர், சேர்க்கிற சாக்கில் போடப் போனார். ரப்பர்தானே, எடைக்கு ஆகும் என்று.

"அது ரப்பர் இல்ல மாமா. பி.வி.சி. பிளாஸ்டிக்."

கை நின்றது. "அழிரப்பரு?"

"வெள்ளையா வாறது பெரும்பாலும் பி.வி.சி.தான். அதை அந்த பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள சும்மா போட்டாகூட டப்பாவையே இளக்கிப் பிடிச்சுக்கிடும். பேப்பர்ல சுத்தித்தான் வைக்கணும்."

மாமா பக்கத்திலிருந்த கண்ணாடி மாதிரி ஸ்டாம்பை எடுத்தார். "இது?"

"அது போட்டோபாலிமர். திரவமா ஊத்தி யூ.வி. வெளிச்சத்துல இறுக வைக்கது."

"ஃபோமு?"

"அதும் பிளாஸ்டிக்."

சாக்கைக் கீழே வைத்தார். "அழிரப்பர்ல ரப்பர் இல்ல. ரப்பர் ஸ்டாம்புல ரப்பர் இல்ல. பொறவு சவத்து விலை எங்கேருந்து ஏறும்?" மரப்பிடி போட்ட அந்த முந்நூறு ரூபாய் ஸ்டாம்பை எடுத்து, நகத்தால் அமுக்கி, மூக்கில் வைத்து மோந்து பார்த்தார். "இதாவது மரத்துப் பாலா, இல்ல பெட்ரோலா?"

"மழை விட்டிருக்கு" என்றார் மாமி. "நாளைக்காவது மரத்தைப் போய்க் கேளுங்க."