பாரத் பில்டிங் இருக்கா?

ஜூலை 2
சென்னை ஓமந்தூரார் ஆஸ்பத்திரி. கண் திறந்ததும் அப்பா கேட்டது: "ஆபீஸ் திறந்தாச்சா?"

ஜூலை 3
இன்றும் அதேதான். அவர் சொல்லும் ஆபீஸ் மவுண்ட் ரோட்டில், ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் இருக்கும் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம். அங்கே வாடகைக்கு இருந்த கம்பெனியில் கணக்கு எழுதினார். மேஜையைத் துடைக்கச் சொல்லி நர்ஸை விரட்டுகிறார். அவரும் "சரிங்க ஐயா" என்கிறார்.

ஜூலை 5
சாப்பாடு வாங்கப் போனவன் அப்படியே அங்கே நடந்துவிட்டேன். செங்கல் இடுக்கில் அரசங்கன்று. வேர் என் மணிக்கட்டுத் தடிமன் இருக்கும். 1897இல் மருந்து வியாபாரி டபிள்யூ.இ. ஸ்மித் கட்டியது. அப்போது கார்டைல் பில்டிங். 1934இல் பாரத் இன்சூரன்ஸ் வாங்கியது, நாட்டுடைமை ஆனபோது எல்.ஐ.சி.க்கு வந்தது. 2006இல் இடிக்க ஆரம்பித்தார்கள். பழைய கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு கோர்ட்டுக்குப் போய், 2010இல் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பும் வந்தது. ஆனால் தடை கடப்பாரைக்குத்தான். மழையும் அரசங்கன்றும் அது பாட்டுக்கு வேலை பார்க்கின்றன. பாதி உடைத்ததை அப்படியே போட்டு வைப்பதற்குப் பெயர் காப்பாற்றுவதா?

ஜூலை 6
பி.பி. இறங்கவில்லை. தூக்கமும் இல்லை.

ஜூலை 8
இந்த ஓமந்தூரார் ஆஸ்பத்திரியே தலைமைச் செயலகத்துக்காகக் கட்டியதுதான். அதற்காக கவர்னர்கள் குடியிருந்த கவர்ன்மென்ட் ஹவுஸை இடித்தார்கள். 2010இல் திறப்பு விழா, அடுத்த வருஷம் ஆட்சி மாற்றம், 2014இல் ஆஸ்பத்திரி. அதே வளாகத்தில் இருந்த ராஜாஜி ஹால் மட்டும் தப்பித்தது. வைத்தியத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இருந்தாலும் ராத்திரி காரிடாரில் நிற்கும்போது, அந்த வீட்டு வாசல் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்றுதான் மனசு தேடுகிறது.

ஜூலை 9
"போய்ப் பார்த்தியா?"
பார்த்தேன்பா.
"மாடிப்படிக் கைப்பிடி ஆடுமே, சரி பண்ணிட்டானுங்களா?"
இல்லப்பா.
"பண்ண மாட்டானுங்க."
அரை மணி நேரம் பழைய மேனேஜரைத் திட்டினார். முகத்தில் அப்படி ஒரு தெம்பு.

ஜூலை 10
உண்மையைச் சொல்லித் தொலை என்கிறான் தம்பி. எதைச் சொல்வது? இடிச்சாச்சு என்றாலும் பொய், இருக்கு என்றாலும் பொய்.

ஜூலை 12
வலது கால் கட்டைவிரல் அசைந்தது! பிசியோதெரபிப் பெண்ணுக்கு மைசூர்பா.

ஜூலை 13
நாளை டிஸ்சார்ஜ். மவுண்ட் ரோடு வழியாகத்தான் போகணுமாம், ஒரே பிடிவாதம். ராயப்பேட்டைக்குள் புகுந்து போய்விடலாம், தூங்கிவிடுவார் என்கிறான் தம்பி. அவர் தூங்க மாட்டார். ஜன்னல் பக்கம் உட்கார வைக்கச் சொல்லி இப்போதே சொல்லிவிட்டார்.