சிம் இல்லாத போன்

பரணைத் துடைக்கும்போது அப்பாவின் பழைய போன் கிடைத்தது, சிடிஎம்ஏ என்ற அந்தக்காலச் செல்போன் முறையில் ஓடியது. பின்மூடியைக் கழற்றினேன். சிம் அட்டைக்கு இடமே இல்லை. எண் போனுக்குள்ளேயே பதிந்திருந்தது.

தேர்த்திருவிழா மாலைகளில் இதில் பேச்சு அறுந்துவிடும். அப்பா உள்ளங்கையில் தட்டித் தட்டிப் பார்ப்பார், பாவம்.

போன்மீது குற்றமில்லை.

சிடிஎம்ஏவில் எல்லோரும் ஒரே 1.25 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டையில், ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஆளுக்கொரு குறியீடுதான் ஆளைப் பிரிக்கும். மற்றவர் பேச்செல்லாம் நமக்கு இரைச்சல். செல்போன் கோபுரத்தடியில் நிற்பவனின் போன் கத்தினால் தொலைவில் இருப்பவனின் போன் அமுங்கிப்போகும். அதனால் நொடிக்கு 800 முறை 'பலத்தைக் கூட்டு, குறை' என்று கோபுரம் ஒவ்வொரு போனையும் அதட்டிக்கொண்டே இருக்கும்.

கூட்டம் பெருகினால் இரைச்சல் ஏறும். ஓரத்துப் போன் முழு பலத்தைப் போட்டாலும் எட்டாது. கோபுரத்தின் எல்லையே சுருங்கிவிடும்.

எங்கள் வீடு ஊரின் கடைசித் தெருவில்.