சாப்பாட்டு மேசையில் குரோமோசோம்கள்

ஏப்ரல் 5

குரோமோசோம் ஆய்வாளர் ஜேனட் ரௌலி 1925-ஆம் ஆண்டு பிறந்தது இதே தேதியில்தான். இரத்தப் புற்றுநோயாளிகளின் குரோமோசோம்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் தொழில் என்பதால், அவர் கண்டறிந்த இடமாற்றங்களை, அதாவது ஒரு குரோமோசோமின் துண்டு இன்னொன்றுக்கு மாறிவிடுவதை, அடிக்கடி எழுத வேண்டியிருக்கிறது. அவர் எப்படி வேலை செய்தார் என்பதை இப்போதுதான் முறையாகப் படிக்கிறேன்.

பதினைந்து வயதிலேயே சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர். மருத்துவப் படிப்புக்கு அங்கே 65 இடங்கள். அவற்றுள் பெண்களுக்கு மூன்று. அந்த மூன்றும் நிரம்பிவிட்டதால் ஒன்பது மாதங்கள் காத்திருந்து சேர்ந்தார். 1948-இல் பட்டம் பெற்ற மறுநாள் திருமணம், பிறகு நான்கு மகன்கள், வாரத்தில் சில நாள்கள் மட்டும் மருத்துவமனை வேலை. 1962-இல், இங்கிலாந்தில் குரோமோசோம் ஆய்வைக் கற்றுத் திரும்பியவருக்கு, லியான் ஜேக்கப்சன் என்ற பேராசிரியர் தம் ஆய்வகத்தில் ஒரு நுண்ணோக்கியையும் இருட்டறையையும் ஆண்டுக்கு 5,000 டாலர் சம்பளத்தையும் கொடுத்தார். பகுதி நேர வேலைதான் வேண்டும் என்று ரௌலி கேட்டபோது மறுக்காத அந்த மனிதரை, இக்கதையைச் சொல்பவர்கள் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஏப்ரல் 8

ரௌலிக்கு முன்பு பிலடெல்பியாவில் நடந்ததைப் படித்தேன். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பீட்டர் நோவல் என்ற ஆய்வாளர் இரத்தப் புற்றுநோய் உயிரணுக்களைச் சாயமேற்றுவதற்கு முன் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் அலசினார். தண்ணீர் புகுந்து அணுக்கள் வீங்க, குரோமோசோம்கள் விலகித் தெரிந்தன. தமக்குக் குரோமோசோம்களைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதால், அவற்றைப் படிக்கத் தெரிந்த ஓர் ஆளைத் தேடினார். அருகிலிருந்த புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் டேவிட் ஹங்கர்ஃபோர்ட் என்ற ஆராய்ச்சி மாணவர் கிடைத்தார். நாட்பட்ட மைலாய்டு என்ற வகை இரத்தப் புற்றுநோயாளிகளிடம் அளவில் மிகச் சிறிய ஒரு குரோமோசோம் இருப்பதை 1960-இல் இருவரும் அறிவித்தார்கள்; ஊரின் பெயரால் அது பிலடெல்பியாக் குரோமோசோம் எனப்படுகிறது. மனிதனுக்கு 46 குரோமோசோம்கள் என்பதே 1956-இல்தான் உறுதியாகியிருந்தது என்பதை நினைத்துக்கொண்டால், மாணவரின் கண் எவ்வளவு கூர்மையானது என்பது விளங்கும்.

ஏப்ரல் 14

சிறிதாகிப்போன அந்தக் குரோமோசோமின் மிச்சம் எங்கே போயிற்று என்ற கேள்வி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் நின்றது. அது தொலைந்துவிட்டது என்றே பலரும் எண்ணினார்கள். 1970-இல் கணவரின் ஆய்வு விடுப்பையொட்டி மீண்டும் ஆக்ஸ்ஃபோர்டு சென்ற ரௌலி, குரோமோசோம்களின் மேல் ஒளிரும் பட்டைகளை எழுப்பிக் காட்டும் புதிய சாயமுறையைக் கற்றுக்கொண்டு வந்தார். அதுவரை நீளத்தையும் வடிவத்தையும் வைத்து மட்டுமே பிரிக்கப்பட்ட குரோமோசோம்களை, இனிமேல் ஒவ்வொன்றாக அடையாளம் காண முடிந்தது.

ஆய்வகத்தில் எடுத்த புகைப்படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, குரோமோசோம்களைக் கத்தரித்துச் சாப்பாட்டு மேசையில் இணை இணையாக அடுக்கினார். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்தார்களாம். 1972-இல் வேறொரு வகை இரத்தப் புற்றுநோயில், 8-ஆம் குரோமோசோமின் துண்டும் 21-ஆம் குரோமோசோமின் துண்டும் இடம் மாறியிருப்பதை முதலில் கண்டார். அதன்பின் பிலடெல்பியாக் குரோமோசோமைப் பார்த்தபோது, 22-இல் குறைந்த துண்டு 9-ஆம் குரோமோசோமின் நுனியில் ஒட்டியிருந்தது. 1973 ஜூனில் ‘நேச்சர்’ இதழில் அது வெளிவந்தது. இத்தகைய மாற்றங்கள் நோயின் விளைவுதானே, காரணமாக எப்படி இருக்கும் என்று கேட்டவர்களே அன்று அதிகம்.

பகுதி நேர வேலை அவருக்குத் தடையாக இருந்தது என்று பலர் எழுதுகிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. யாரும் அவசரப்படுத்தாத, பெரிதாக எதையும் எதிர்பார்க்காத ஒரு மூலையில் இருந்ததனால்தான், ஒரே வகைப் படங்களை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்க்க அவரால் முடிந்தது. இன்றைய நிதி விண்ணப்பங்களில் இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?

ஏப்ரல் 15

இன்று எலும்பு மஜ்ஜை மாதிரிகள் வரிசையாக வந்தன. படங்களை அடுக்கும் வேலையைக் கணினி செய்துவிடுகிறது. ஆனாலும் வளைந்து கிடக்கும் குரோமோசோமை அது தவறாக வைக்கும்போது திருத்த ஒரு கண் வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 22

சிகாகோவில் தொடங்கிய ஆய்வு இழையை வேறு பல்கலைக்கழகங்கள் பிடித்துக்கொண்டன. 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் ஒட்டிக்கொண்ட இடத்திலிருந்து உருவாகும் புரதம் ஓயாது அணுக்களைப் பெருகத் தூண்டுகிறது என்பது 1980-களில் தெரிந்தது. அதைத் தடுக்கும் இமாட்டினிப் மாத்திரையை, ஒரெகான் பல்கலைக்கழகத்தின் பிரையன் ட்ரக்கர் 1998-இல் சோதனையாக நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். நாளுக்கு 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்த 54 பேரில் 53 பேரின் இரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியது. 2001 மே மாதம் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

ஆனால் சோதனைக்கே போதிய மருந்து இல்லாத ஒரு காலம் இடையில் இருந்தது. அப்போது மான்ட்ரியலைச் சேர்ந்த ஒரு பெண் நோயாளி, உற்பத்தியைக் கூட்டும்படி கேட்டு இணையத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டி, மருந்தைத் தயாரித்த நிறுவனத்தின் தலைவருக்கு அனுப்பினார். உற்பத்தி கூடியது, அவரும் ஒரெகான் சென்று சோதனையில் சேர்ந்தார். ஆய்வகத்துக்குப் பின்னால் இருந்தவர்கள் யார் என்று கேட்டால், ஜேக்கப்சனுக்கும் ஹங்கர்ஃபோர்டுக்கும் அடுத்ததாக இவரைத்தான் சொல்வேன்.